விண் விண்ணென்று தெறிக்கிறது!

பல்வலி வந்தவனுக்குப் பாஷையாவது, இலக்கணமாவது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். ஆனால் மனிதன் தன் தாய்மொழியை மிகவும் இறுகப் பற்றிக்கொள்ளும் வேளை அதுதான். ஜப்பான் தேசத்திலே ஒருவருக்குக் கடைவாய்ப் பல் கெட்டு வேர் அழுகிப்போனால், அவர் வைத்தியரிடம் சென்று கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு "ஜுக்கி-ஜுக்கி" என்கிறார். கடலூர் முதுநகரிலே ஒருவருக்கு அதே பல் அதே விதமாய்க் கெட்டுப்போனால், "விண் விண்ணென்று தெறிக்கிறது" என்கிறார். நாடி ஒரு முறை துடிக்குந்தோறும் ஒரு முறை எழும்பி, அடுத்த துடிப்புக்குள் சற்றே தணியும் வலியைத்தான் இருவரும் சொல்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாகவும் நுட்பமாகவும் அவ்வலியை வருணிக்க மகாகவிகளாலும் ஆகாது.

ஜப்பானிய மொழியில் இத்தகைய சொற்கள் ஒரு தனி ராஜ்யமாகவே இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அகராதி இவற்றில் மாத்திரம் 4,500 சொற்களைத் தொகுத்திருக்கிறது. மழை, இடி, வண்டி முதலியவற்றின் ஓசையைக் காட்டும் சொற்களை அவர்கள் ஒரு வகையாகவும், ஓசையே இல்லாத தோற்றத்தையும் நிலையையும் காட்டும் சொற்களை வேறு வகையாகவும் பிரிக்கிறார்கள். நட்சத்திரம் மின்னும்போது ஓசை எழுவதில்லை. ஆயினும் "கிரா-கிரா" என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் "மினுமினு" என்பது போலத்தான். ஒரு சத்தமும் இல்லாத நிசப்தத்துக்குக்கூட "ஷீன்" என்றொரு சொல் அவர்களிடம் உண்டு. வாய் பேசாத மௌனத்தைச் சத்தத்தாலே சொல்லுவது வேடிக்கைதான். ஆனால் கல்யாணம் முடிந்து விருந்தாளிகளெல்லாம் ஊருக்குப் போன வீட்டை நாம் "வெறிச்சென்று இருக்கிறது" என்று சொல்லும்போது நாமும் அதே வேடிக்கையைத்தானே செய்கிறோம்?

வலிக்கென்று அவர்கள் வைத்திருக்கும் சொற்களைக் கேளுங்கள். வயிற்றைத் துறப்பணம் கொண்டு துளைப்பது போன்ற கூரிய வலி "கிரி-கிரி". அதே வயிற்றில் மந்தமாய், விடாமல், அழுதுகொண்டே இருப்பது போன்ற வலி "ஷிக்கு-ஷிக்கு". இச்சொல்லையே மூக்கை உறிஞ்சி விசும்பி அழுவதற்கும் வழங்குகிறார்கள். வெயிலில் தோல் வெந்து காந்தினால் "ஹிரி-ஹிரி". தலைக்குள்ளே யாரோ மணியை அடிப்பது போல் இருந்தால் "கான்-கான்". முதல் எழுத்தைக் காந்தி என்ற பெயரில் உள்ளது போல் உச்சரிக்க வேண்டும். ஜுரம் வருமுன் முதுகில் ஏறும் குளிர் "ஜொக்கு-ஜொக்கு". ஜப்பானிய வைத்தியர் நோயாளியைக் கேட்கும் கேள்வியே, "ஜுக்கி-ஜுக்கியா, கிரி-கிரியா?" என்று இருப்பதுண்டு. விடையைக் கொண்டு அவர் பாதி தூரம் வந்துவிடுகிறார்.

நம்மிடம் என்ன குறை? விண் விண், சுருக் சுருக், கடுகடு, திகுதிகு, நமநம, கிறுகிறு, படபட, வெடவெட, வெலவெல, மதமத, கரகர, கபகப. குளிர் ஜுரத்தில் உடம்பு வெடவெடக்கும். கெட்ட செய்தி கேட்டால் கை கால் வெலவெலக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். இம்மூன்றையும் நடுக்கம் என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுகிறவனுக்குத் தமிழும் தெரியாது, வைத்தியமும் தெரியாது என்றே நாம் சொல்லுவோம். வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்த கால் மதமதக்கிறது. தேள் கொட்டிய இடம் கடுகடுக்கிறது. தேள் கொட்டாமலே சிலருடைய முகம் கடுகடுப்பதும் உண்டு.

இவற்றின் இலக்கணமும் ஆராயத்தக்கது. ஜப்பானியர் இச்சொற்களை வினையோடு சேர்க்கும்போது, இடையிலே "தொ" என்றோர் உருபை வைக்கிறார்கள். பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும்போதும் அதே உருபுதான். தமிழில் அந்த வேலையை "என" அல்லது "என்று" என்பது செய்கிறது. "வருகிறேன் என்று சொன்னான்" என்பதிலும் "விண் விண்ணென்று வலிக்கிறது" என்பதிலும் உள்ள "என்று" ஒன்றே. பல்லே வாய் திறந்து "விண்" என்று சொல்வதாகவும், நாம் அதன் வாக்குமூலத்தை அப்படியே எடுத்துரைப்பதாகவும் கொள்ளலாம். பாரத தேசத்து மொழிகள் பலவற்றிலும் ஒலிக்குறிப்புச் சொற்கள் இவ்வாறு அமைந்திருப்பதை எமனோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1969-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துக் காட்டினார். திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைப் பர்ரோவுடன் சேர்ந்து தொகுத்தவர் அவரே.

இந்த ஒற்றுமையைக் கண்டவுடன், தமிழரும் ஜப்பானியரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முரசு கொட்டச் சிலர் துடிப்பார்கள். ஸுஸுமு ஓனோ (1919-2008) என்னும் ஜப்பானிய அறிஞர் அப்படியொரு கொள்கையை நெடுங்காலம் வற்புறுத்தினார். யாழ்ப்பாணத்து அறிஞர்களும் அவருக்குத் துணைநின்றார்கள். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்கும் அது தேவையில்லை. உறவு இல்லாத இரு வீட்டாரும் பல்வலிக்கு ஒரே விதமாக முனகுவதே நமக்குப் போதுமான ஆச்சரியம்.

தொல்காப்பியனார் இவ்விஷயத்தை அறியாதவரல்லர். "என" என்னும் சொல் வரும் இடங்களைக் கணக்கிடும்போது ஓசையையும் குறிப்பையும் அவர் தனித்தனியே எண்ணுகிறார். ஜப்பானியர் செய்த அதே பாகுபாடு! இரட்டித்து வரும் சொற்கள் இரட்டையினின்றும் பிரிந்து ஒலிக்கமாட்டா என்று விதி வகுத்தவரும் அவரே. உரையாசிரியர்கள் அவற்றை இசை, குறிப்பு, பண்பு என மூன்றாக வகுத்தனர். இத்தனை நுட்பத்தையும் நம் பள்ளிக்கூடங்கள் என்ன செய்தன? "பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி, எடுத்துக்காட்டு: சலசல" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குரிய விடையாக்கிவிட்டன. பிள்ளைகள் ஒப்புவித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பண்டிதர்களில் சிலர் "விண் விண்" என்பது இரட்டைக்கிளவியே அன்று, தனித்தும் வருதலால் அடுக்குத்தொடர் என்று வழக்குக்கு வரலாம். வரட்டும். ஒரு முறை சுருக்கென்றால் முள் குத்திற்று. சுருக் சுருக்கென்றால் முள் உள்ளேயே இருக்கிறது. வைத்தியருக்கு வேண்டியது அந்த வேற்றுமை.

சென்னைச் சர்வகலாசாலையின் பேரகராதி 1924 முதல் 1936 வரையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் இத்தகைய சொற்களைச் "சலசலெனல்", "பளபளெனல்" என்று "எனல்" சேர்த்துக் கொடுத்திருப்பதைக் காணலாம். தொகுத்தவர்கள் இவற்றைக் குப்பை என்று தள்ளவில்லை. பிற்காலத்தில் செந்தமிழ் எழுதுவதாக எண்ணிக்கொண்டு, "கடுமையான வலி", "அதிக வலி", "மிகுந்த வலி" என்று எழுதத் தொடங்கிய நாம்தான் இவற்றைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இச்சொற்களின் எழுத்துக்களையே கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். ஜப்பானியர் வல்லோசையை மெல்ல மாற்றிப் பொருளின் பருமனை மாற்றுவார்கள். சிறு உருண்டை உருண்டால் "கொரோ-கொரோ"; பாறை உருண்டாலோ, இடி உருண்டாலோ முதலெழுத்தைக் கோவிந்தன் என்பதிலுள்ள ககரமாக்கிக் கனப்படுத்துவார்கள். நம் நெடுங்கணக்கில் அந்த வசதி இல்லை. நாம் உயிரெழுத்தைக் கொண்டு அதைச் சாதிக்கிறோம். கோயில் மணி கணகணக்கிறது. அதுவே சிறு மணியானால் கிணுகிணுக்கிறது. ஆற்று நீர் சலசலக்கிறது; மெல்லிய காற்றோ சிலுசிலுக்கிறது. இகரம் வந்தால் பொருள் சிறுக்கும், மெலியும். அகரம் வந்தால் விரியும். லகர ளகரங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சலசலப்பு தெளிந்த நீரில், சளசளப்பு சேற்றில். இதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆயினும் சிதம்பரம் கீழவீதியிலே விளையாடும் ஐந்து வயதுக் குழந்தையும் மாற்றிச் சொல்லாது.

வலியை மொழியாக்குவதில் கடலூர்ப் பிரதேசத்துக்கு ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், ஏழாம் நூற்றாண்டில், இன்று திருப்பாதிரிப்புலியூர் என வழங்கும் பாடலிபுத்திரத்தில் சமண மடத்துத் தலைவராய்த் தருமசேனர் என்னும் பெயருடன் இருந்தார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அங்கே அவரைச் சூலை நோய் பற்றிக்கொண்டது. மடத்திலிருந்தோர் செய்த சிகிச்சை ஒன்றும் பலிக்கவில்லை. இரவோடிரவாகத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் சென்றார், அங்கே முதற் பதிகம் பிறந்தது, திருநாவுக்கரசர் ஆனார். அப்பதிகத்தைப் பக்தியோடு ஓதுகிறவர்கள் பலர். அதை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. முதற் பாட்டிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் குடலைப் பிணைத்து ஆளையே ஒடுக்கும் நோவு என்று இடமும் இயல்பும் சொல்லிவிடுகிறார். சூலை என்னும் பெயரே கூரிய சூலம் பாய்ந்த வலி என்ற கருத்தில் வந்தது. மருந்து கொடுக்குமுன் வைத்தியன் கேட்கவேண்டிய எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது.

இனி இக்காலத்துக்கு வருவோம். ஓர் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளின் வரிசை நீண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருத்தி தன் முறை வந்ததும் இளம் வைத்தியரின் முன் உட்காருகிறாள்.

"என்ன பாட்டி செய்யுது?"

"ரா முச்சூடும் கண்ணு மூடல தம்பி. ஒரு பக்கத்து மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்குது. விளக்கப் பாத்தா நெஞ்சப் பொரட்டுது."

"தலைவலி. எத்தனை நாளா?"

கிழவி ஏழு விஷயம் சொன்னாள். சீட்டில் "தலைவலி" என்று ஒரு விஷயம் ஏறிற்று. போனது எத்தனை என்று பாருங்கள். உலகத் தலைவலி வைத்தியர் சங்கம் 1988-இல் முதன்முதலாக வகுத்த இலக்கணப்படி, ஒற்றைத் தலைவலிக்கு நான்கு அடையாளங்களில் இரண்டேனும் இருத்தல் வேண்டும். ஒரு பக்கமாய் இருத்தல் ஒன்று. நாடியோடு துடித்தல் ஒன்று. மற்றவை வலியின் கடுமையும், நடந்தால் மிகுதலும். வெளிச்சம் பொறாமையும் குமட்டலும் உடன்வரும் குறிகள். மன உளைச்சலால் வரும் சாதாரணத் தலைவலியோ துடிப்பதில்லை. வளையம் போட்டு இறுக்குகிறது. ஆகவே, கிழவி சொன்ன "விண்ணு விண்ணு" என்னும் ஆறு எழுத்து ஓசை, இரு நோய்களின் நடுவே நிற்கும் எல்லைக்கல். அதைப் பிடுங்கிவிட்டு "தலைவலி" என்று எழுதினால் மாத்திரை மாறிப்போகும்.

பல்லிலும் இப்படித்தான். குளிர்ந்த நீர் பட்டவுடன் சுருக்கென்று வந்து உடனே போவது ஒன்று. இரவெல்லாம் விண் விண்ணென்று தெறிப்பது மற்றொன்று. முன்னது பல்லின் மேற்பூச்சு தேய்ந்ததாயிருக்கலாம். பின்னது உள்ளே இருக்கும் சதை அழன்று சீழ் கோத்ததற்கு அறிகுறி. உள்ளங்காலில் திகுதிகுவென எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால், சர்க்கரை வியாதி நரம்பைத் தொட்டிருக்கக்கூடும். மார்பின் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: மாரடைப்பு பலருக்குச் சுருக்கென்று குத்துவதில்லை, பாறாங்கல்லை ஏற்றிவைத்தாற்போல் அமுக்குகிறது. "வலியே இல்லை, பாரமாகத்தான் இருக்கிறது" என்று வீட்டிலே படுத்திருக்கலாகாது.

மேனாட்டார் இதனை அறியாதவரல்லர். கானடாவில் மான்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரொனால்டு மெல்ஸாக் என்பவர், 1975-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 கூட்டங்களாக அதில் பிரித்திருந்தார். துடிக்கும் வலிக்கு மட்டும் ஆறு சொற்கள், மெலிந்ததிலிருந்து கனத்தது வரையில் படிப்படியாக அமைந்திருக்கின்றன. அப்பட்டியல் உலகத்து மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது. பெயர்ப்பது நல்லதே. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவது வேறு. தமிழன் முனகும்போது என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுதுவது வேறு. முதல் வழியில் போனால் "கடுகடு" ஒருநாளும் பட்டியலில் ஏறாது. ஏனெனில் அதற்குச் சரியான ஆங்கிலச் சொல் இல்லை.

ஜப்பானியர் இரண்டாவது வழியில் சென்ற ஓர் உதாரணம் உண்டு. 2011 மார்ச் 11-ஆம் தேதி அத்தேசத்தின் வடகீழ்க் கரையைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் சூறையாடின. பிற ஜில்லாக்களிலிருந்து வைத்தியர்கள் உதவிக்கு விரைந்தார்கள். அவர்களும் ஜப்பானியரே, நோயாளிகளும் ஜப்பானியரே. ஆயினும் வட்டாரத்து முதியவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொன்ன ஒலிக்குறிப்புச் சொற்கள் வந்தவர்களுக்கு விளங்கவில்லை. உடனே அத்தேசத்து மொழி ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றைத் தொகுத்து, அயோமொரி, இவாதே, மியாகி, புக்குஷிமா என்னும் நான்கு மாகாணங்களுக்குமாகச் சேர்த்து 2012-இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். கஞ்சித் தொட்டிக்கும் கூடாரத்துக்கும் பக்கத்திலே ஓர் அகராதியும் நிவாரணப் பொருளாகச் சென்றது!

இதைப் படிக்கும்போது நம் மனம் 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் போகாமல் இராது. அன்று காலையில் தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரத்து முகத்துவாரம் வரையில் கடல் ஏறி வந்தது. கடலூர் ஜில்லாவில் மாத்திரம் 600-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பல மாநிலங்களிலிருந்து உதவிக்குழுக்கள் வந்தன. தமிழ் அறியாத வைத்தியரின் முன்னே ஒரு மீனவப் பெண், "நெஞ்சு திக்கு திக்குங்குது, உடம்பு வெலவெலத்துப் போவுது" என்றால், அதில் இருதய நோய் எவ்வளவு, அலையின் பயம் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

பேரிடர் வந்தால்தான் இந்தச் சங்கடம் என்பதும் இல்லை. அரசாங்க வைத்தியக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன, மேற்படிப்பிலோ பாதி. இராஜஸ்தானத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் கட்டிலருகே நிற்கிறார்கள். அவர்களில் பலர் ஆர்வத்தோடு தமிழ் கற்கிறார்கள். "வலிக்குதா?", "எங்கே?", "எத்தனை நாள்?" என்று கேட்கப் பதினைந்து நாளில் கற்றுவிடலாம். விடையாக வரும் "நமநம"வை எந்தப் பாடப்புத்தகத்தில் தேடுவது? ஜப்பானிலும் இதே கதைதான். 2008-இல் இந்தோனேஷியாவிலிருந்தும், மறு வருஷம் பிலிப்பைன்ஸிலிருந்தும் தாதிகளைத் தருவிக்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஜப்பானிய எழுத்தைக்கூட வென்றுவிட்டார்கள், "ஷிக்கு-ஷிக்கு"விடம் திணறினார்கள்.

நம்மவர் பாஷையிலேயே வைத்தியம் கற்பிக்க முடியும் என்று செய்து காட்டியவர் ஓர் அமெரிக்கர் என்பதைச் சற்று வெட்கத்துடன் நினைவுகூரவேண்டும். ஸாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பாதிரி வைத்தியர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, அங்க அமைப்பும் பிரசவ வைத்தியமும் தமிழ்ப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியராக்கினார். யாழ்ப்பாணத்தார் "வலிக்கிறது" என்னும் இடத்தில் "நோகிறது" என்பார்கள். அதைக் காதால் கேட்டவருக்குத்தான் புத்தகம் எழுத வந்தது.

சிதம்பரத்தையொட்டிய அண்ணாமலைநகரில் 1929-இல் சர்வகலாசாலை தோன்றியது. அங்கே புகழ்பெற்ற மொழியியல் துறை இருக்கிறது. கிராமங்கள்தோறும் சென்று பேச்சு வழக்கைத் திரட்டிய அனுபவம் அதற்கு உண்டு. அதே நகரில் 1985-இல் வைத்தியக் கல்லூரியும் எழுந்தது. 2021 முதல் அது சுகாதாரத் துறையைச் சார்ந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நடந்து போகக்கூடியதே. மொழியியல் மாணவர் ஒருவரும் வைத்திய மாணவர் ஒருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற நோயாளிகள் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொண்டால், ஒரு வருஷத்தில் நல்ல கையேடு தயாராகிவிடும். செலவு, நோட்டுப் புத்தகங்களும் பென்சில்களும்.

அந்தக் கையேட்டில் நாம் முதலில் தேடிப் பார்க்கப்போவது "குறுகுறு". காதில் பூச்சி போனால் குறுகுறுக்கிறது. தொண்டையில் சளி கட்டினால் குறுகுறுக்கிறது. குற்றம் செய்தவனுக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. குழந்தை குறுகுறுவென்று நடக்கிறது. இந்நான்கில் எது எது வைத்தியருக்கு உரியது என்று அண்ணாமலைநகரார்தான் தீர்த்துச் சொல்லவேண்டும்.